அற்றுப்போனது எது, அகன்றுபோனது எது? ஐரோப்பியக் காட்டுயிர்கள் வழியே ஒரு சொல்லின் விளக்கம்

ஐரோப்பாவின் விலங்குகளைப் பற்றித் தமிழில் வரும் செய்திகளில் ‘அழிந்துவிட்டது’ என்ற ஒரே சொல் வெவ்வேறு நிலைமைகளுக்கெல்லாம் வந்து நிற்கிறது. பிரிட்டனில் ஓநாய் அழிந்துவிட்டது என்கிறோம். பழங்கால யானை வகையான கம்பளி மம்மூத் அழிந்துவிட்டது என்றும் அதே மூச்சில் சொல்கிறோம். ஆனால் பிரிட்டனில் இல்லாத அந்த ஓநாய் போலந்திலும் இத்தாலியிலும் இன்று குட்டி போட்டு வளர்த்துக்கொண்டிருக்கிறது. மம்மூத்தோ உலகின் எந்த மூலையிலும் இல்லை. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறித்துவிட்டால், அடுத்து வரும் ‘அழிந்த விலங்கு மீண்டும் வந்தது’ என்ற தலைப்பைப் படிப்பவருக்கு எது வந்தது, எங்கிருந்து வந்தது என்று எப்படிப் புரியும்?

இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள ஐரோப்பா நல்ல பாடசாலை. மிதமான தட்பவெப்பம் கொண்ட அந்தக் கண்டத்தில் மனிதர்கள் காட்டை வெட்டியும் வேட்டையாடியும் வந்த காலம் மிக நீண்டது. அதை எழுதிவைத்த பழக்கமும் அங்கே நெடுங்காலமாக உண்டு. ஆகவே ஒரு விலங்கு எப்போது குறைந்தது, எத்தனை மிஞ்சியது, கடைசியாக எங்கே இருந்தது என்ற கணக்கைச் சில விலங்குகளுக்கு ஆண்டுவாரியாகவே பார்க்க முடிகிறது.

பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

ஐரோப்பியக் காடுகளில் பெரிய காட்டுமாடுகள் இரண்டு வகை இருந்தன. ஒன்று ஆராக்ஸ்: நம் வீட்டு மாடுகளின் காட்டு மூதாதை, நீண்டு முன்னோக்கி வளைந்த கொம்புகள், காளை கருநிறம், முதுகில் வெளிறிய ஒரு கோடு. மற்றொன்று ஐரோப்பியப் பைசன்: தோள் உயர்ந்து பின்புறம் தாழ்ந்த உடல், தாடிபோல் தொங்கும் கழுத்து மயிர், குட்டையான கொம்புகள். ஆராக்ஸ் இன்று இல்லை, பைசன் இருக்கிறது. ஆனால் முதலாவது மறைய மறைய, அதன் பெயரை மக்கள் இரண்டாவதன் மேல் ஏற்றிவிட்டார்கள்; இரண்டாவதன் பெயரை முதலாவதன் மேலும் ஏற்றினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் போலந்து, ரஷ்யப் பகுதிகளில் தூதராகப் பயணம் செய்த ஹெர்பர்ஸ்டைன் தம் நூலில் ஆராக்ஸின் படத்தை வெளியிட்டபோது, அந்த விலங்கே பேசுவதுபோல் இலத்தீனில் ஒரு வாசகத்தை மேலே பொறித்தார்: நான் ஊருஸ், போலந்து மொழியில் தூர், ஜெர்மானியருக்கு ஆராக்ஸ், அறியாதவர்கள் எனக்குப் பைசன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த மாடு உயிரோடு இருந்த நாளிலேயே இந்த நிலை.

நமக்கும் இது புதிதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுமாட்டைக் ‘காட்டெருமை’ என்றும் ‘பைசன்’ என்றும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது எருமையும் அல்ல, பைசனும் அல்ல. பெயர் கலங்கினால் கணக்கும் கலங்கும் என்பதால்தான் இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே இரண்டு சொற்களை வரையறுத்துக்கொள்வோம். இயற்கையில் தமக்குள் கூடி, மேலும் இனம் பெருக்கக்கூடிய குட்டிகளை ஈனும் உயிர்களின் தொகுதி சிற்றினம் எனப்படும். ஒரே சிற்றினத்துக்குள், வெவ்வேறு நிலப்பகுதிகளில் நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்ததால் தோற்றத்திலும் பழக்கத்திலும் ஓரளவு வேறுபட்ட கூட்டம் துணைச்சிற்றினம். ஒரு செய்தி ‘இனம் அழிந்தது’ என்று சொல்லும்போது இவ்விரண்டில் எதைச் சொல்கிறது என்று பார்ப்பது பாதிக் குழப்பத்தை நீக்கிவிடும்.

உறைமோர்க் கணக்கு

நிலைமைகளைப் பிரித்துப் பார்க்க நம் சமையலறையில் ஓர் எளிய உவமை இருக்கிறது. தினமும் தயிர் தோய்க்கும் வீட்டில் ஒருநாள் உறைமோர் தீர்ந்துபோகிறது. பால் இருந்தாலும் தயிர் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி கேட்டு வாங்கினால் நாளைக் காலையில் தயிர் தயார். ஓநாய்க்குப் பிரிட்டனில் நடந்தது இதுதான். ஒரு நிலப்பகுதியில் மட்டும் ஒரு சிற்றினம் இல்லாமல் போவதை வட்டார அழிவு என்கிறோம்.

இப்போது தெருவில் எந்த வீட்டிலும் தயிர் தோய்ப்பதில்லை என்றும், ஒரே ஒரு வீட்டின் குளிர்பெட்டியில் ஒரு கிண்ணம் மட்டும் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உறை சாகவில்லை, ஆனால் மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். விலங்குக் காட்சிசாலையிலும் வேலியிட்ட வளாகத்திலும் மட்டும் ஒரு சிற்றினம் மிஞ்சியிருக்கும் நிலை காட்டில் அற்றுப்போதல் எனப்படும்.

உலகில் எந்த வீட்டிலும் ஒரு துளி உறைகூட இல்லை என்றால் மட்டுமே அது முழுமையாக முடிந்துபோனது. கடைசி உயிரும் இறந்துவிட்டது என்பதில் நியாயமான ஐயம் ஏதும் இல்லாத இந்த நிலையைத்தான் அற்றுப்போதல் என்ற சொல்லுக்கு ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது என் கருத்து. ‘அழிந்துவிட்டது’ என்பது ‘அழிந்துவருகிறது’ என்பதோடு எளிதில் கலந்துவிடுகிறது. ‘அற்றுப்போனது’ என்றால் மீதி ஒன்றும் இல்லை என்பது காதிலேயே விழுகிறது.

சுருங்கச் சொன்னால், மம்மூத்தும் ஆராக்ஸும் அற்றுப்போனவை. ஓநாய் பிரிட்டனில் வட்டார அழிவு கண்டது. ஐரோப்பியப் பைசன் ஒரு காலத்தில் காட்டில் அற்றுப்போய், பிறகு மீண்டது.

இலங்கை யானையின் மண்டையோடு சொன்ன சாட்சி

ஓர் உயிரினம் உலகிலிருந்தே அடியோடு மறைந்துபோகும் என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கற்றறிந்தவர்களே இதை ஏற்கவில்லை. அயர்லாந்தின் சதுப்பு நிலங்களில், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மூன்றரை மீட்டர் அகலம் வரும் மான் கொம்புகள் கிடைத்துக்கொண்டிருந்தன. 1697-இல் அவற்றைப் பற்றி எழுதிய தாமஸ் மாலினூ என்ற மருத்துவர், படைக்கப்பட்ட எந்த உயிரினமும் முற்றிலும் இல்லாமல் போவதில்லை என்ற அன்றைய கருத்தையே பின்பற்றி, அந்த மான் அமெரிக்கக் காடுகளில் வாழும் மூஸ் மானாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். ஐரோப்பிய மண்ணில் கிடைத்த பெரிய தந்தங்களையும், பண்டைக் காலத்தில் ரோமின்மேல் படையெடுத்த ஹன்னிபாலின் படை கொண்டுவந்த யானைகளுடையவை என்றுதான் பலர் விளக்கிவந்தார்கள்.

1796-இல் பாரிஸில் விலங்கியலாளர் ழோர்ழ் கூவியே இதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். நெதர்லாந்திலிருந்து பாரிஸுக்கு வந்திருந்த சேகரிப்பில் இரண்டு யானை மண்டையோடுகள் இருந்தன: ஒன்று இலங்கையிலிருந்து, மற்றொன்று ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து. கடைவாய்ப் பற்களின் மேற்பரப்பில் ஓடும் வரிமேடுகளையும் தாடையின் வடிவத்தையும் ஒப்பிட்ட அவர், குதிரைக்கும் கழுதைக்கும் உள்ள வேறுபாட்டைவிட இவ்விரண்டு யானைகளுக்கும் உள்ள வேறுபாடு பெரிது என்று காட்டினார். அதன்பின் சைபீரியாவின் மம்மூத் எலும்புகளை இரண்டோடும் வைத்துப் பார்த்து, அவை இரண்டிலும் சேராத மூன்றாவது வகை என்றார். யானை அளவுள்ள ஒரு விலங்கு எங்கோ ஒளிந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆகவே அது அற்றுப்போயிருக்க வேண்டும்.

பனியூழியின் பிற்பகுதியிலும் அது முடிந்த காலத்திலும் ஐரோப்பா இழந்தவை இன்னும் உண்டு: கம்பளிக் காண்டாமிருகம், குகைச் சிங்கம், குகைக் கரடி, மேலே சொன்ன பெருங்கொம்பு மான். தட்பவெப்ப மாற்றம், மனித வேட்டை ஆகிய இரண்டில் எது முதன்மைக் காரணம் என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் தொடர்கிறது. விலங்குக்கு விலங்கு விடை மாறுகிறது. இந்தக் கட்டுரைக்கு அந்த வாதம் தேவையில்லை. எழுத்துச் சான்று உள்ள காலத்துக்கு வந்துவிடுவோம்.

கிணறும் ஊற்றும்

ஒரு கிணற்றில் நீர் நிற்பதற்கு ஊறுவதும் இறைப்பதும் சமமாக இருக்க வேண்டும். இறைப்பது சிறிதளவு கூடினாலும் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே வரும். எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்பதைப் பொறுத்தே எவ்வளவு இறைக்கலாம் என்பது முடிவாகும். விலங்குகளில் பிறப்பு ஊற்று, இறப்பு இறைப்பு. முயலின் ஊற்று வேகமானது. ஆயிரக்கணக்கில் பிடித்தாலும் அடுத்த ஆண்டில் நிறைந்துவிடும். பெரும் ஆக் என்ற கடற்பறவையின் ஊற்றோ ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை.

பெரும் ஆக் வட அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் வாழ்ந்தது. முக்கால் மீட்டருக்கு மேல் உயரம், ஏறத்தாழ 5 கிலோ எடை, பறக்க உதவாத சிறு சிறகுகள். கடலுக்குள் அது அம்புபோல் பாயும். ஆனால் முட்டையிட வெறும் பாறைத் தீவுகளில் ஏறி நின்றாக வேண்டும். அங்கே அதைக் கையாலேயே பிடித்துவிடலாம். மாலுமிகள் இறைச்சிக்காகவும் எண்ணெய்க்காகவும், பிறகு மெத்தைக்கு இறகு வேண்டும் என்பதற்காகவும் அவற்றைத் தீவுதீவாகக் கொன்று குவித்தார்கள். ‘பென்குயின்’ என்ற பெயர் முதலில் இந்தப் பறவைக்கே வழங்கியது. தென்கடலுக்குப் போனபோது அங்கே கண்ட, உறவில்லாத வேறு பறவைகளுக்கு மாலுமிகள் அதைச் சூட்டினார்கள். பெயர் மட்டும் தப்பித்துத் தெற்கே குடியேறிவிட்டது.

ஐஸ்லாந்துக்குத் தென்மேற்கே ஏறுவதற்கு அரிதான ஒரு பாறைத்தீவு அவற்றுக்கு அரணாக இருந்தது. 1830-இல் எரிமலைச் செயற்பாட்டால் அது கடலில் மூழ்கியது. மிஞ்சிய பறவைகள் அருகிலிருந்த எல்டே என்ற பாறைக்குச் சென்றன. அங்கே மனிதர்கள் ஏற முடிந்தது. 1835-இல் அங்கே ஏறத்தாழ ஐம்பது பறவைகள் இருந்தன. அதற்குள் அது அரிய பறவை என்ற பேச்சு பரவிவிட்டது. அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் தோலுக்கும் முட்டைக்கும் விலை கொடுத்தார்கள். அருகிப்போனது என்பதே அதன் விலையை ஏற்றி, மீதி இருந்தவற்றையும் கொல்லவைத்தது. 1844 ஜூன் மாதத்தின் தொடக்கத்தில் எல்டேயில் அடைகாத்துக்கொண்டிருந்த ஓர் இணை பிடிக்கப்பட்டுக் கழுத்து நெரிக்கப்பட்டது. அந்த இணையின் உள்ளுறுப்புகள் இன்றும் கோபன்ஹேகனில் குப்பிகளில் இருக்கின்றன.

இந்தக் கதையில் கடைசிப் பறவைகளைக் கொன்றவர்களையே எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு முந்தைய முந்நூறு ஆண்டுகளில் கிணறு ஏற்கெனவே வற்றிவிட்டது. எல்டேயில் நடந்தது அடியில் கிடந்த கடைசிக் குடம்.

எண்ணிக்கை சிறுத்தபின் என்ன நடக்கிறது?

வேட்டையை நிறுத்திவிட்டால் விலங்கு பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பரவலானது. ஆராக்ஸின் கதை அதை மறுக்கிறது. வார்சாவுக்குத் தென்மேற்கே யாக்டொரூவ் என்ற ஊரையொட்டிய காட்டில் உலகின் கடைசி ஆராக்ஸ் கூட்டம் இருந்தது. போலந்து அரசர்கள் அதைத் தம் உடைமையாகக் காத்தார்கள். பிறர் வேட்டையாடத் தடை இருந்தது. சுற்றுப்புறக் கிராமத்தார் குளிர்காலத்தில் வைக்கோல் போட்டு அவற்றைப் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு ஈடாக அவர்களுக்குச் சில கடமைகளிலிருந்து விலக்கு. அரசு அதிகாரிகள் அவ்வப்போது வந்து தலை எண்ணிப் பதிந்தார்கள்.

அந்தப் பதிவுகளைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. 1564-இல் 38. 1599-இல் 24. 1602-இல் நான்கு, அந்த நான்கில் மூன்று காளைகள், ஒரே ஒரு பசு. 1620-இல் கடைசிக் காளை இறந்தது. தனித்து நின்ற பசு ஏழு ஆண்டு வாழ்ந்து 1627-இல் இறந்தது.

கடைசிக் காளையின் கொம்பு பொன்வேலைப்பாட்டு விளிம்பு கட்டிய வேட்டைக் கொம்பாகச் செய்யப்பட்டுப் போலந்து அரசர் மூன்றாம் சிகிஸ்மண்டிடம் போய்ச் சேர்ந்தது. பின்னர் போர்க்கொள்ளையாகச் சுவீடனுக்குச் சென்றது. இன்று ஸ்டாக்ஹோமின் அரச படைக்கல அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பகுதியான சோகாசெவ் காட்டின் கடைசி ஆராக்ஸ் கொம்பு என்றும் 1620 என்ற ஆண்டும் அதன் விளிம்பில் பொறிக்கப்பட்டுள்ளன. அதைப் பொறித்தவருக்குத் தாம் எழுதுவது என்ன என்று தெரிந்திருந்தது. பிற அற்றுப்போதல்களில் இது அரிது.

காவல் இருந்தும் ஏன் காக்க முடியவில்லை? முதற்காரணம் இடம். உழவு பெருகப் பெருகக் காடு சுருங்கியது. எஞ்சிய புல்வெளியில் ஊர்மாடுகள் மேய்ந்தன. தன் வழித்தோன்றலான வீட்டு மாட்டோடு ஆராக்ஸ் தீவனத்துக்குப் போட்டியிட வேண்டியிருந்தது. மாடுகளின் நோய்களும் அவற்றைத் தொற்றியிருக்க வேண்டும். திருட்டு வேட்டையும் நிற்கவில்லை.

இரண்டாவது காரணம் சிறு எண்ணிக்கையிலேயே அடங்கியிருக்கிறது. இதுதான் பொதுப் பேச்சில் விடுபட்டுப்போவது. ஆயிரம் மாடுகள் உள்ள கூட்டத்தில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமமாகவே பிறக்கும். நான்கே உள்ள கூட்டத்தில் மூன்று ஆண், ஒரு பெண் என்று அமைந்துவிடுவதற்குக் கெட்ட நேரம் ஒன்றே போதும். நாணயத்தை ஆயிரம் முறை சுண்டினால் பாதிக்குப் பாதி வரும். நான்கு முறை சுண்டினால் மூன்று தலை விழுவது வியப்பே இல்லை. ஒரு கடுங்குளிர், ஒரு தொற்று, ஒரு பசுவின் மலட்டுத்தன்மை என்று பெரிய கூட்டம் தாங்கிக்கொள்ளும் எதுவும் சிறிய கூட்டத்தை முடித்துவிடும்.

அதோடு உட்கலப்பு சேர்கிறது. நெருங்கிய இரத்த உறவுகளுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக இனம் பெருகுவதை உட்கலப்பு என்கிறோம். ஒவ்வோர் உயிரிலும் மறைந்து கிடக்கும் சில குறைபாடுகள், தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறைபாடு வந்து சேரும்போது வெளிப்படுகின்றன. கன்றுகள் நலிகின்றன, பிழைப்பவை குறைகின்றன, குறையக் குறைய உறவு இன்னும் நெருங்குகிறது. சேற்றில் மாட்டிய வண்டிச் சக்கரம்போல, சுழலச் சுழல ஆழம் கூடுகிறது.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: ஊற்றைவிட இறைப்பு கூடும்போது கூட்டம் சுருங்குகிறது, ஓரளவுக்குக் கீழே சுருங்கியபின், இறைப்பை நிறுத்தினாலும் தற்செயலும் உட்கலப்பும் சேர்ந்து அதைக் கீழே இழுக்கின்றன. கடைசி உயிர் இறக்கும் நாளுக்கு வெகு முன்னரே விதி எழுதப்பட்டுவிடுகிறது.

பன்னிரண்டு முன்னோர்கள்

ஆராக்ஸ் விழுந்த குழியிலிருந்து ஐரோப்பியப் பைசன் எழுந்து வந்ததால்தான் அதன் கதையை விரிவாகச் சொல்ல வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இரண்டே இடங்களில் காட்டில் வாழ்ந்தது: இன்றைய போலந்து, பெலாரஸ் எல்லையில் உள்ள பியாவோவியெஜா காடு, மற்றும் காக்கசஸ் மலைகள். பியாவோவியெஜாவில் முதல் உலகப் போருக்குமுன் எழுநூறுக்கு மேல் இருந்தன. போர் வந்தது, படைகளும் பசித்த மக்களும் திருட்டு வேட்டைக்காரர்களும் அவற்றைத் தின்று தீர்த்தார்கள். 1919-இல் அங்கே கடைசிப் பைசன் சுடப்பட்டது. காக்கசஸில் கடைசியாக இருந்தது 1927-இல் கொல்லப்பட்டது. அன்று முதல் அது காட்டில் அற்றுப்போன விலங்கு.

குளிர்பெட்டிக் கிண்ணம் மட்டும் மிஞ்சியிருந்தது. 1923-இல் பைசன் காப்புக்கெனப் பன்னாட்டுச் சங்கம் ஒன்று அமைந்தபின், காட்சிசாலைகளிலும் தனியார் பூங்காக்களிலும் இருந்தவற்றைத் தேடி எண்ணியபோது 54 தேறின. அவற்றின் பெற்றோரையும் பாட்டன் பாட்டியையும் பின்தொடர்ந்து பார்த்தால், எல்லாம் பன்னிரண்டே விலங்குகளிலிருந்து வந்தவை. இன்று உலகில் உள்ள ஒவ்வோர் ஐரோப்பியப் பைசனுக்கும் அந்தப் பன்னிரண்டுதான் முன்னோர்.

ஆராக்ஸுக்குக் கிடைக்காத ஒன்று பைசனுக்குக் கிடைத்தது: எந்தக் காளை எந்தப் பசுவோடு சேர வேண்டும் என்று திட்டமிடும் ஏற்பாடு. 1932 முதல் வம்சாவளிப் பதிவேடு ஒன்று வெளியிடப்பட்டுவருகிறது; கன்று ஒவ்வொன்றும் பெயரோடும் எண்ணோடும் பெற்றோர் விவரத்தோடும் அதில் ஏறும். போலந்தில் பிறக்கும் கன்றுகளின் பெயர்கள் பெரும்பாலும் ‘போ’ என்ற ஒலியில் தொடங்குவது வழக்கம். ஒரு விலங்கினத்தையே உறவுமுறை பார்த்துப் பார்த்து மீட்டார்கள் என்று சொன்னால் மிகையாகாது. 1929-இல் பியாவோவியெஜாவின் வேலிக்குள் அவை திரும்பக் கொண்டுவரப்பட்டன. இரண்டாவது உலகப் போரையும் தாண்டிய பின், 1952-இல் முதன்முறையாகத் திறந்த காட்டில் விடப்பட்டன. ஒரு விலங்கை அது முன்பு வாழ்ந்து மறைந்த இடத்திலேயே மனிதர் கொண்டுவந்து விடுவது மீள்குடியேற்றம் எனப்படும்.

2003-இல் ஏறத்தாழ 1,800 ஆக இருந்த காட்டுப் பைசன்கள் 2019-இல் 6,200-ஐத் தாண்டின. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் உயிரினங்களின் ஆபத்து நிலையைப் பதியும் தன் சிவப்புப் பட்டியலில் 2020 டிசம்பரில் அதை ‘ஆபத்துக்கு உள்ளாகக்கூடியது’ என்ற நிலையிலிருந்து ‘அச்சுறுத்தலை நெருங்கியது’ என்ற மேலான நிலைக்கு மாற்றியது.

இங்கேயும் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. அன்று காட்டில் திரிந்த 47 கூட்டங்களில், நீண்டகாலம் மரபு வளத்தோடு நிலைக்கும் அளவுக்குப் பெரியவை எட்டே என்று அதே ஒன்றியம் குறிப்பிட்டது. ஒரு கூட்டம் மிகச் சிறிய எண்ணிக்கைக்குள் நுழைந்து வெளிவரும்போது மரபு வேறுபாடுகளில் பெரும்பகுதியை இழந்துவிடுவதை மரபணுக் குறுகல் என்கிறார்கள். பிறகு ஆயிரமாயிரமாகப் பெருகினாலும் இழந்த வேறுபாடு திரும்பாது. பத்துக் குறள் மட்டும் எஞ்சிய சுவடியை இலட்சம் படி எடுத்தாலும் பத்துக் குறள்தானே இருக்கும்? குளிர்காலத்தில் பியாவோவியெஜாவின் பைசன்களுக்கு வனத்துறையினர் இன்றும் வைக்கோல் போடுகிறார்கள். பனிக்குள் கருந்திட்டுகளாக அவை தீவனத் தொட்டியைச் சூழ்ந்து நிற்கும் காட்சி, யாக்டொரூவின் கிராமத்தார் செய்த அதே வேலையைத்தான் நினைவூட்டுகிறது.

நடந்து வந்தவையும் கொண்டுவரப்பட்டவையும்

வட்டார அழிவு கண்ட விலங்கு திரும்பும் வழி இரண்டு. ஜெர்மனியில் ஓநாயை யாரும் கொண்டுவந்து விடவில்லை. போலந்திலிருந்து தாமாக எல்லை தாண்டிவந்து, 2000-ஆம் ஆண்டில் சாக்சனியில் குட்டி ஈன்றன. ஓநாய் திரும்பியதைப் பற்றி அங்கே நடக்கும் சூடான விவாதத்தில், அதை ‘விட்டவர்கள்’ யார் என்று கேட்பவர்கள் உண்டு, கேள்வியே தவறு.

பீவரின் கதை மற்றவகை. மரத்தைப் பல்லால் அறுத்து ஓடையில் அணை கட்டும் இந்தக் கொறிவிலங்கை மென்மயிர்த் தோலுக்காகவும் இறைச்சிக்காகவும், வாலருகே சுரக்கும் மணப்பொருளுக்காகவும் வேட்டையாடினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பா, ஆசியா முழுதும் எட்டுச் சிதறிய இடங்களில் சேர்த்து ஏறத்தாழ 1,200 மட்டுமே மிஞ்சியிருந்தன. சுவீடன் 1922-இல் நார்வேயிலிருந்து வாங்கிவந்து விட்டது; பக்கத்து வீட்டு உறைமோரேதான். பிற நாடுகளும் தொடர்ந்தன. இன்று பத்து இலட்சத்துக்கு மேல் இருக்கின்றன. எட்டு வெவ்வேறு இடங்களில் மிஞ்சியது நல்வினை; ஒவ்வோர் இடமும் மரபின் ஒவ்வொரு பகுதியைக் காத்துவைத்திருந்தது.

ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மட்டும் வாழ்வது. அதன் இரை பெரும்பாலும் முயல். 1950-களில் ஐரோப்பாவில் பரவிய மிக்சோமட்டோசிஸ் என்ற முயல்நோயும், 1980-களின் இறுதியில் வந்த மற்றொரு நோயும் முயல்களை வாரிக்கொண்டுபோயின. அவற்றோடு லின்க்ஸும் சரிந்தது. 2002-இல் நூறுக்கும் குறைவாக, தெற்கு ஸ்பெயினின் இரண்டே இடங்களில் இருந்தன. காவல் வளாகங்களில் இனம் பெருக்கி விட்டதோடு முயல்களையும் பெருக்கினார்கள். சாலை விபத்துகளைக் குறைக்கச் சாலைக்கு அடியில் வழிகள் அமைத்தார்கள். இன்று குட்டிகளையும் சேர்த்து ஈராயிரத்தைத் தாண்டிவிட்டன. ஒரு விலங்கைக் காப்பது என்றால் அதன் இரையையும் காப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அற்றுப்போனதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

‘ஆராக்ஸ் மீண்டும் வந்தது’ என்ற தலைப்பை நீங்கள் எங்காவது படித்திருக்கலாம். 1920-களில் ஜெர்மனியின் காட்சிசாலை இயக்குநர்களான ஹெக் சகோதரர்கள், பழைய தோற்றம் கொண்ட வீட்டு மாட்டு வகைகளைக் கலந்து ஆராக்ஸ்போல் தெரியும் மாட்டை உண்டாக்க முயன்றார்கள். இன்றும் அவர்கள் பெயரால் வழங்கும் அந்த மாடு ஆராக்ஸைவிடக் குட்டையானது. தோற்றத்தில் சாயல் உண்டு, மற்றபடி அது வீட்டு மாடே. ஆராக்ஸின் மரபுத் துணுக்குகள் உலகின் எல்லா மாடுகளிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன என்பது உண்மை. நம் காங்கேயம் காளையும் ஆராக்ஸின் வழிவந்ததே. ஆனால் அது இந்தியத் துணைக்கண்டத்தில் வாழ்ந்த வேறொரு துணைச்சிற்றினத்தின் வழி. பேரன் முகத்தில் பாட்டன் சாயல் தெரிகிறது என்பதால் பாட்டன் திரும்பிவந்துவிட்டதாகச் சொல்வோமா?

மற்றொரு வழி படியாக்கம்: ஓர் உயிரின் உயிரணுவிலிருந்து அதே மரபுக் குறிப்பு கொண்ட மற்றோர் உயிரை உண்டாக்குவது. பிரான்ஸ், ஸ்பெயின் எல்லையின் பிரனீஸ் மலையில் புக்கார்தோ என்ற மலையாட்டுத் துணைச்சிற்றினம் இருந்தது. நம் வரையாட்டைப்போலச் செங்குத்துப் பாறையில் நிற்கும் ஆடு. கடைசியாக எஞ்சிய பெண்ணாட்டுக்குச் செலியா என்று பெயர். 1999-இல் அதன் காதிலிருந்து சிறு திசு எடுத்து உறையவைத்தார்கள். 2000 ஜனவரி 6 அன்று, விழுந்த மரத்தின் அடியில் அது இறந்துகிடந்தது. 2003-இல் அந்தத் திசுவைக்கொண்டு, வேறோர் ஆட்டின் வயிற்றில் ஒரு குட்டி வளர்க்கப்பட்டு உயிரோடு பிறந்தது. நுரையீரல் கோளாறால் சில நிமிடங்களில் மூச்சு நின்றுவிட்டது. பிழைத்திருந்தாலும் அது பெண். இணை சேர ஆண் ஒன்று உலகில் இல்லை. 1602-இல் ஆராக்ஸ் கூட்டத்தில் இருந்த குறையைவிட இது பெரிய குறை.

2014-இல் பிரெஞ்சுப் பிரனீஸில், ஸ்பெயினின் வேறு பகுதியில் வாழும் நெருங்கிய உறவான மலையாடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகிவருகின்றன. பாறைகளில் மீண்டும் ஆடு தெரிகிறது. ஆனால் சிற்றினம் திரும்பியது, துணைச்சிற்றினம் திரும்பவில்லை.

தேதி இல்லாத முடிவு

ஆராக்ஸுக்கும் பெரும் ஆக்குக்கும் ஆண்டு தெரியும். பெரும்பாலான உயிர்களுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. மெல்லலகுக் கோட்டான் என்று சொல்லத்தக்க நீர்ப்பறவை ஒன்று சைபீரியாவில் கூடு கட்டி, கிழக்கு, தெற்கு ஐரோப்பா வழியாக வடஆப்பிரிக்காவுக்கு வலசை போய்வந்தது. அதன் கூட்டை உறுதியாகக் கண்டதே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓம்ஸ்க் பகுதியின் தாரா என்ற ஊருக்கு அருகில்தான். ஐயத்துக்கிடமின்றி அது கடைசியாகக் காணப்பட்டது 1995 பிப்ரவரியில், மொராக்கோவின் மெர்ஜா செர்கா என்ற கடற்கழியில்.

அதன்பின் பல நாடுகளில் பறவை ஆர்வலர்கள் தேடினார்கள். ‘கண்டேன்’ என்று வந்த தகவல்கள் பல. அவற்றில் உறுதிப்பட்டது எதுவும் இல்லை. இல்லாத ஒன்றை இல்லை என்று நிறுவுவது கடினம். அவசரப்பட்டு அற்றுப்போனதாக அறிவித்தால், ஒருவேளை எங்கோ மிஞ்சியிருக்கும் சிலவற்றைக் காக்கும் முயற்சியும் நின்றுவிடும். ஆகவே அறிவிப்பு எப்போதும் காலந்தாழ்த்தியே வருகிறது. பழைய பதிவுகளையும் தேடல்களின் அளவையும் கணித்த ஆய்வு ஒன்று 2024-இல் அது அற்றுப்போயிருக்கவே மிகப்பெரும் வாய்ப்பு என்றது. 2025 அக்டோபரில் சிவப்புப் பட்டியல் அதை அற்றுப்போன சிற்றினமாக ஏற்றது. கடைசிக் காட்சிக்கும் அறிவிப்புக்கும் இடையே முப்பது ஆண்டுகள். அவற்றில் எந்த ஆண்டில், எந்தச் சதுப்பு நிலத்தில் கடைசிப் பறவை இறந்தது என்று எந்தக் கொம்பிலும் பொறிக்கப்படவில்லை.